திரை திரும்பினால் மட்டும் போதுமா?

லேப்டாப்பாகவும் டேப்லட்டாகவும் பயன்படும் குட்டிக் கம்ப்யூட்டர் என்றாலே பலருக்கும் ஆசைதான். அசுஸ் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஈ பிசி டி91 அப்படிப்பட்டது. 8.9 அங்குலத் திரையைத் திருப்பி, கீபோர்டின் மேல் மடித்துக்கொள்ளலாம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனால் உள்ளே இருந்தவை 1.33 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம் புராசசரும் 1 ஜிபி ராமும்தான். விரலின் வேகத்துக்கு இவை ஈடுகொடுக்கவில்லை.

இன்றும் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது திரை திரும்புகிறதா என்பதைத்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால், அப்டேட் செய்யக்கூட இடமின்றித் திண்டாடுவீர்கள். பல மாடல்களில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. எனவே 8 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள். பட்ஜெட் இடிக்கிறதா? மடிக்கும் வசதியை விட்டுக்கொடுங்கள், ராமை விட்டுக்கொடுக்காதீர்கள்.