அலாய் வீலில் வெள்ளைப் பொடி பூக்கிறதா? கலரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

டயரில் ஆணி குத்தவில்லை, பஞ்சரும் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு டயரில் மட்டும் காற்று இறங்குகிறது. சேலம், நாமக்கல் பக்கம் சில வருஷம் ஓடிய கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய தலைவலி. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிப் பார்த்தால் பதில் கிடைக்கும்: “டயர்ல ஒண்ணுமில்லைங்க. ரிம்முதான் அரிச்சிருக்கு.”

அடுத்து எல்லோரும் கேட்பது, “புதுசா பெயின்ட் அடிச்சா எவ்வளவு ஆகும்?” இங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. ரிம் வேலையை அழகு விஷயமாகவே பார்க்கிறோம். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பதும், காரின் எடையைத் தாங்குவதும் அந்த உலோகம்தான். எனவே மேலே எந்தக் கலர் என்பதைவிட, அடியில் என்ன வேலை நடந்தது என்பதுதான் முக்கியம்.

கடல் இல்லாத ஊரில் ஏன் அரிக்கிறது?

சென்னையில் கடற்காற்றைக் குறை சொல்லலாம். இங்கே பெரும்பாலும் காரணம் போர் தண்ணீர். இந்தப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. வாட்டர் சர்வீஸ் முடிந்து வெயிலில் காய்ந்ததும், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் ரிம்மில் தங்கிவிடும். ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளில் இருந்து தெறிக்கும் கல், பிளாட்ஃபாரத்தில் உரசிய கீறல், பிரேக் தூள், கடுமையான ஆசிட் கிளீனர் என எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

‘அலுமினியம் துருப்பிடிக்காதே’ என்று தோன்றலாம். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை வைத்து மேட்டூர் மால்கோ ஆலை அலுமினியம் தயாரித்த பகுதி இது. உலோகம் நமக்குப் புதிதல்ல. இரும்பு மாதிரி அது சிவக்காது என்பது உண்மை. ஆனால் உப்புத் தண்ணீர் நின்ற அலுமினியப் பாத்திரம் வெளுத்து, புள்ளி புள்ளியாகக் குழி விழுவதைப் பார்த்திருப்போம். ரிம்மிலும் அதேதான். கீறல் வழியாக ஈரம் உள்ளே போய், பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி பரவும். கடைசியில் பெயின்ட் உப்பும், வெள்ளைப் பொடி உதிரும். டயர் உட்காரும் விளிம்பில் இது நடந்தால் காற்று கசியும்.

எந்த ஃபினிஷ் தாங்கும்?

ஸ்ப்ரே பெயின்ட்: செலவு குறைவு, கலர் நிறைய. பிரைமர், கலர், கிளியர் கோட் என முறையாக அடித்தால் தாங்கும். எமரி தேய்த்து அவசரமாக அடித்தால் அடுத்த மழைக்கே உரியும்.

டயமண்ட் கட்: ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் ஃபினிஷ். சிஎன்சி லேத்தில் மேல் உலோகத்தை மெல்லிசாகச் சீவி, அதன்மேல் கிளியர் கோட் அடிக்கிறார்கள். கூரான விளிம்புகளில் கோட்டிங் மெலிதாகத்தான் நிற்கும். ஈரம் முதலில் நுழைவதும் அங்கேதான். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் குறைகிறது என்பதால், இதைத் திரும்பத் திரும்பச் செய்யவும் முடியாது.

பவுடர் கோட்டிங்: மின்னூட்டப்பட்ட பவுடரைத் தூவி, அடுப்பில் உருக்கிப் படிய வைப்பது. கல்லடி, கீறலை நன்றாகத் தாங்கும். போர் தண்ணீரும் ஜல்லி லாரியும் உள்ள ஊரில், தினசரி ஓடும் காருக்கு இதுதான் புத்திசாலித்தனமான தேர்வு. டயமண்ட் கட் ரிம் அரித்துவிட்டால், அந்த மினுக்கை விட்டுவிட்டு முழுசாகப் பவுடருக்கு மாறுவது நஷ்டமில்லை.

கேட்டுக்கான அடுப்பும் ரிம்மும்

லாரி பாடிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு எனப் பெயர் பெற்ற பகுதி இது. பிளாஸ்டிங், கோட்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரும்பு கேட்டும் அலுமினிய ரிம்மும் ஒன்றல்ல.

பல அலாய் வீல்களுக்கு ஃபேக்டரியிலேயே வெப்பத்தால் பலம் ஏற்றியிருப்பார்கள். சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைப்பார்கள். பவுடர் படியப் பொதுவாக 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம் போதும். அதற்கு மேல் சூட்டைக் கூட்டினாலோ, அதிக நேரம் விட்டாலோ, அந்தப் பலம் குறையத் தொடங்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. வளைந்த ரிம்மை கேஸ் டார்ச்சில் காய்ச்சி நிமிர்த்துவது இன்னும் ஆபத்து.

அதனால் கலர் கார்டைப் பார்க்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள்:

பழைய பெயின்ட்டை முழுசாக எடுப்பீர்களா, மேலேயே அடிப்பீர்களா? அரிப்பை வெறும் உலோகம் தெரியும்வரை எடுக்காவிட்டால், புதுக் கோட்டிங்குக்கு அடியிலும் அது தொடரும்.

விரிசல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இதைப் பெயின்ட் உரித்த பிறகுதான் பார்க்க முடியும். விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், ரிம்மையே மாற்றுங்கள். புது ரிம்மில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 16192 எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுப்பில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு பட்டறை பார்க்கலாம்.

நட் உட்காரும் இடத்தையும், ஹப்பில் ஒட்டும் முகத்தையும் மறைத்துவிட்டு அடிப்பீர்களா? அங்கே தடிமனாகக் கோட்டிங் இருந்தால், ஓட ஓட அது அமுங்கி நட் தளரும். எப்படி இருந்தாலும், மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரென்ச் வைத்து ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காரெல்லாம் பழசாக இருந்து நான்கு ரிம் மட்டும் பளபளத்தால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு ரிம்மைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். வெளியே மட்டும் அடித்த பெயின்ட் உள்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்த பிறகு பராமரிப்பு ரொம்ப சிம்பிள். நிழலில் கழுவுங்கள், தண்ணீர் காய்வதற்குள் துடையுங்கள், ஆசிட் கிளீனரைத் தவிருங்கள். கீறல் விழுந்தால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் உடனே டச்-அப் செய்யுங்கள்.

சேலம் - நாமக்கல் நான்கு வழிச்சாலையில் 100-ஐத் தொடும் வேகத்தில் போகும்போது, ரிம் என்ன கலர் என்று யாரும் கவனிக்கப் போவதில்லை. அது தாங்குகிறதா என்பதுதான் அப்போது கணக்கு.