பார்த்தால் பேனா, இழுத்தால் புகை! வளையத்தைத் திருகும் பையனுக்கு யார் சொல்வது?

பார்த்தால் பேனா மாதிரி இருக்கிறது. சட்டைப் பையில் செருகிக் கொள்ளலாம். ஆனால் எழுதாது!

அடிப்பக்கம் ஒரு வளையம். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன எண்கள். 3.3 என்று ஆரம்பித்து 4.8 வரை போகிறது. நடுவில் ஒரு பட்டன். படபடவென்று ஐந்து தடவை அமுக்கினால் உயிர் வரும். பிறகு பட்டனை அழுத்திக் கொண்டே இழுத்தால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. மாம்பழ வாசனை, புதினா வாசனை, பபிள்கம் வாசனை!

இதுதான் மின் சிகரெட். அதிலும் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ரகம். பையன்கள் பாஷையில் 'வேப்'.

"சும்மா தண்ணி ஆவிதான் மச்சி. ஒண்ணும் ஆகாது. வளையத்தை முழுசாத் திருகு, டேஸ்ட் ஏறும்!"

புதுசாக வாங்குகிறவனுக்குக் கிடைக்கிற பாடம் இவ்வளவுதான். மூன்றே வாக்கியம். மூன்றும் தப்பு!

தமிழ்நாட்டில் இதற்கு 2018-லேயே தடை. 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்கத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. இருந்தும் சரக்கு வராமல் இல்லை. சென்னை விமான நிலையத்தில் சுங்க இலாகாவினர் பெட்டியில் ஒளித்துக் கொண்டு வந்ததைப் பிடித்தார்கள் என்று செய்தி வருகிறது. பிடிக்கட்டும். அது அவர்கள் வேலை. ஆனால் பிடிபடாமல் தப்பி வந்து ஒரு காலேஜ் பையன் கைக்குப் போய்ச் சேர்ந்த பேனாவுக்கு என்ன பதில்? அந்த வளையம் என்ன செய்கிறது என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது, அவனைப் பெற்ற அப்பனுக்கும் தெரியாது.

கொசு மருந்து மெஷினின் தம்பி!

வீட்டில் ராத்திரி பிளக்கில் செருகும் கொசு மருந்து மெஷினை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாட்டிலில் மருந்து. அதில் ஒரு திரி. திரியின் தலையில் லேசான சூடு. மருந்து திரி வழியாக ஏறி ஆவியாகிறது.

பேனாவுக்குள்ளும் அதே கதைதான். மேலே ஒரு சின்னத் தொட்டி. அதில் கொழகொழவென்று ஒரு திரவம். பஞ்சுத் திரி அதை உறிஞ்சுகிறது. திரியைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். சுருள் ஹீட்டரில் பழுக்கிறதே, அந்த ஜாதிக் கம்பி. கீழே லித்தியம் பாட்டரி. பட்டனை அமுக்கினால் கம்பி கணத்தில் சூடேறும், திரியில் உள்ள திரவம் ஆவியாகும், அது வாய்க்குள் போகும்.

வித்தியாசம் என்ன? கொசு மருந்து ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகிறது. இதில் இரண்டு மூன்று விநாடிக்குள் வேலை முடிய வேண்டும். ஆகவே சூடும் அதற்கேற்ற சூடு.

திரவத்தில் தண்ணீர் என்பது பெயருக்குத்தான். முக்கால்வாசி சரக்கு புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு ரசாயனங்கள். முதலாவது கொதிக்க 188 டிகிரி வேண்டும். கிளிசரினுக்கு 290 டிகிரி. தண்ணீருக்கு 100 போதும் என்பது சமையலறையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். இவற்றோடு வாசனைச் சாமான். அதோடு நிகோட்டின்.

'தண்ணி ஆவி' என்று சொன்னவன் கிளிசரின் பாட்டிலை ஒரு தடவை கையில் தொட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்!

ஒன்றரை வோல்ட்டில் இரண்டு மடங்கு

இப்போது வளையத்துக்கு வருவோம். விஷயமே அங்கேதான்.

பள்ளிக்கூடத்தில் ஓம் விதி நடத்தும்போது பாதிப் பேர் ஜன்னல் பக்கம் பார்த்துக் கொண்டிருந்திருப்பார்கள். அந்த ஓம்தான் இப்போது வாயில் இருக்கிறது! கம்பியின் தடையை ஓமில் சொல்வார்கள். வோல்ட்டேஜை அதே வோல்ட்டேஜால் பெருக்கி, தடையால் வகுத்தால் வருவது வாட். அதாவது எவ்வளவு வேகமாகச் சூடு பிறக்கிறது என்ற கணக்கு.

சுருள் 2 ஓம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வளையம் 3.3-ல் இருந்தால் சுமார் 5.4 வாட். அதையே 4.8-க்குத் திருகினால் 11.5 வாட். ஏறினது ஒன்றரை வோல்ட்தான். பிறக்கிற சூடோ இரண்டு மடங்கைத் தாண்டி விட்டது! சுருள் தேய்ந்தது என்று மாற்றும்போது கடைக்காரன் 1.5 ஓம் சுருளை எடுத்துக் கொடுத்தால், அதே 4.8-ல் 15 வாட்டுக்கு மேல். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் குச்சி 25 வாட். அதில் பாதிக்கு மேற்பட்ட சக்தி, நாலைந்து மில்லிமீட்டர் சுருளில், உதட்டிலிருந்து சில அங்குல தூரத்தில்!

ஆரம்பத்தில் இந்த வளையம் வந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. லித்தியம் பாட்டரி நிறைய சார்ஜ் இருந்தால் 4.2 வோல்ட் கொடுக்கும். தீரத் தீர 3.5-க்கும் கீழே இறங்கும். காலையில் புகை கொட்டும், மாலையில் இழுத்தால் காற்றுதான் வரும். அதைச் சமப்படுத்தத்தான் உள்ளே ஒரு சர்க்யூட் வைத்தார்கள். நம் வீட்டு டி.வி.க்கு ஸ்டெபிலைசர் வைத்த மாதிரி. சுருளுக்குத் தக்கபடி சூட்டைப் பொருத்திக் கொள்ள வளையம். கூடுதல் ஓம் சுருளுக்குக் கூட வை, குறைந்த ஓம் சுருளுக்குக் குறைத்து வை. இதுதான் கணக்கு. புதுசாகப் பிடிக்கிறவன் கடைசிக் கோட்டிலிருந்து ஆரம்பிக்கிற சாமான் இல்லை இது. ஆனால் இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்!

பிணவறை மருந்து

திரி நனைந்திருக்கும் வரை கம்பியின் சூட்டைத் திரவம் வாங்கிக் கொள்ளும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிற வரை அடி பிடிக்காத மாதிரி. வோல்ட்டைக் கூட்டினால் திரவம் ஏறுகிற வேகத்தை விட ஆவியாகிற வேகம் அதிகமாகி விடும். திரி வறண்டு போகும். அப்புறம் கருகுவது பஞ்சும் கிளிசரினும்!

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்து விட்டால் கண்ணையும் தொண்டையையும் பிடுங்குகிற ஒரு நெடி வருமே, அதில் அக்ரோலின் என்ற பொருள் இருக்கிறது. கிளிசரின் கருகினாலும் அதே அக்ரோலின். கூடவே ஃபார்மால்டிஹைடு. இதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்து! 2018-ல் மீனில் ஃபார்மலின் இருக்கிறது என்று பேச்சு கிளம்பி, சென்னையில் மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள். மீனில் இருந்தால் பயம். மாம்பழ வாசனையோடு வந்தால் கிக்கா?

அமெரிக்காவில் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் 2015-ல் இதைச் சோதித்து, பெயர் பெற்ற மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். ஒரே கருவி, ஒரே திரவம். 3.3 வோல்ட்டில் வைத்தபோது ஃபார்மால்டிஹைடு சங்கதி அகப்படவில்லை. 5 வோல்ட்டில் வைத்தபோது நிறைய அகப்பட்டது. உலகமே அலறியது.

அதே வருஷம் கிரேக்க நாட்டு இருதய டாக்டர் ஃபார்சலினோஸ் மறுத்தார். "அவ்வளவு சூட்டில் வைத்தால் திரி கருகும். வழக்கமாக இழுக்கிறவன் ஒரு இழுப்பிலேயே கண்டுபிடித்துத் துப்பி விடுவான். யாரும் அப்படி இழுக்க மாட்டார்கள்" என்பது அவர் கட்சி. பழகின ஆட்களை வைத்துச் சோதித்தும் காட்டினார்.

இருவர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். கருவிக்குக் கருவி சுருள் மாறும், ஆகவே வளையத்து எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்லி விட முடியாது. ஆனால் டாக்டர் சொன்ன வார்த்தையைக் கவனிக்க வேண்டும். பழகினவன் கண்டுபிடிப்பான்! பழகாதவன்? பதினேழு வயதுப் பையன் முதல் இழுப்பில் தொண்டை எரிந்து இருமுகிறான். சுற்றி நிற்கிற நாலு பேர் சிரிக்கிறார்கள். "முதல்ல அப்படித்தான் இருக்கும்டா" என்கிறார்கள். கருகின நெடிக்கும் நிகோட்டின் எரிச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பிள்ளை, இதுதான் கிக் என்று நினைத்து மறுபடியும் இழுக்கிறான்.

இன்னொன்று. சூடு ஏற ஏற ஆவி அதிகம். ஆவி அதிகமானால் ஒவ்வொரு இழுப்பிலும் நிகோட்டினும் அதிகம். வளையத்தைத் திருகுகிறவன் வாசனையை மட்டும் ஏற்றவில்லை, போதையின் கணக்கையும் சேர்த்து ஏற்றுகிறான். ஐரோப்பாவில் ஒரு மில்லி திரவத்தில் 20 மில்லிகிராம் நிகோட்டினுக்கு மேல் விற்கக் கூடாது. இங்கே வருகிற கள்ளச் சரக்கின் பாட்டிலில் எவ்வளவு என்று எந்த இலாகா அளந்து சீல் வைத்தது?

2019-ல் அமெரிக்காவில் இதனால் திடீரென்று நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை எண்ணியதில் 2,807 பேர். செத்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் குப்பிகளில் கெட்டியாக இருப்பதற்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் வினையாகிப் போனது. கள்ள மார்க்கெட் குப்பிகள் அதில் ஏராளம். நம் ஊரில் இந்தச் சரக்கு முழுக்கவே கள்ள மார்க்கெட்!

பாட்டரியும் சாது இல்லை. 2018-ல் ஃபுளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் இழுத்துக் கொண்டிருக்கும்போதே வெடித்து இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். தனியாகக் கழற்றின பாட்டரியைச் சாவிக்கொத்தோடு, சில்லறையோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தொடை வெந்து விடும்.

பெட்டிக் கடையில் சிகரெட், இதற்கு மட்டும் தடையா?

கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பீடியும் சிகரெட்டும் தெருமுனையில் தொங்குகின்றன. 2016-17-ல் எடுத்த சர்வேப்படி இந்தியாவில் புகையிலை உபயோகிப்பவர்கள் ஏறக்குறைய 26.7 கோடிப் பேர். இங்கிலாந்தில் சிகரெட்டை விட முடியாத ஆசாமிகளுக்கு டாக்டர்களே இதைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதும் உண்மை. எரிகிற புகையிலையை விட இதில் விஷம் குறைவு என்பது அவர்கள் கணக்கு. முப்பது வருஷம் பீடி பிடித்த ஆள் அதைக் கேட்டு யோசிக்கலாம். எதையுமே பிடிக்காத காலேஜ் பையனுக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கே இருக்கிறது? அந்த இங்கிலாந்தே தூக்கி எறிகிற ரக வேப்பை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து தடை செய்து விட்டது. காரணம், பிள்ளைகள் கையில் அதிகம் பார்த்ததும் குப்பை சேர்ந்ததும்தான்.

சட்டம் கடுமையானது. கடைக்காரர்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். விற்றால், விளம்பரம் செய்தால், வெளியூரிலிருந்து தருவித்தால் முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருஷம், ஐந்து லட்சம் வரை! "நான் விற்கலை சார், மச்சான் வச்சிட்டுப் போனான்" என்றாலும் தப்ப முடியாது. தெரிந்தே ஸ்டாக் வைக்க இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "இதுல நிகோட்டினே இல்லை" என்பதும் செல்லாது. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏதோ ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற கருவி என்றால் அது இந்தச் சட்டத்துக்குள்தான். சோதனை போட சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்து அதிகாரியே போதும்.

ஒன்றைப் பிரித்துக் காட்டினால் என்ன?

தடையை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் பள்ளி, காலேஜ்களுக்குப் போய் அதிகாரிகள் காட்டுவது என்ன? குறுக்கே கோடு போட்ட படம், 'வேண்டாம்' என்று ஒரு போர்டு. பிள்ளைகள் கைதட்டி விட்டு வெளியே வந்து சிரிக்கிறார்கள். இவருக்கே அது என்னவென்று தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்து போகிறது!

வழக்கு முடிந்த சரக்கை எப்படியும் அழிக்கத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் கோர்ட்டில் அனுமதி வாங்கி, பாட்டரியைக் கழற்றி விட்டு, சிலவற்றைப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாமே. இயற்பியல் வாத்தியார் மேஜையில் வைத்துப் பிரிக்கட்டும். உள்ளே கருகிக் கரியான பஞ்சை எடுத்துக் காட்டட்டும். 3.3-க்கும் 4.8-க்கும் போர்டில் கணக்குப் போடட்டும். ஓம் விதிக்கு இதை விட நல்ல உதாரணம் பாடப் புத்தகத்தில் கிடையாது.

"இது சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?" என்று சில பெற்றோர் பயப்படலாம். சொல்லிக் கொடுக்கிறவன் ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். மூன்று வாக்கியத்தில் பாடத்தை முடித்து விட்டுப் பணத்தை எண்ணிக் கொண்டிருக்கிறான். வாத்தியாருக்குத் தேவை ஒரு பேனா, ஒரு குறடு, ஒரு பீரியடு.