கங்காவுக்குக் கதவைச் சாத்தியவர்கள்

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: “கங்காவுக்கு அன்பு கிடைக்கல மேடம். அதனாலதான் அவ சுதந்திரமா ஆனா.” இந்த ஆண்டு அதைச் சொன்ன மாணவிக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். நன்றாகப் படிக்கிற பெண். மேலே படிக்கவில்லையா என்று கேட்டேன். “வீட்ல எல்லாரும் எம்மேல ரொம்பப் பாசமா இருக்காங்க மேடம். எனக்கெதுக்கு வேலை?” என்றாள்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைக்கிறது. அன்பு கிடைத்தவளுக்குக் கல்யாணம், கிடைக்காதவளுக்கு ஆபீஸ். இந்தப் பங்கீட்டை அவள் நம்புகிறாள். நாம்தான் அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

‘அன்பு கிடைக்கவில்லை’ என்ற தொடரைப் பாருங்கள். அதில் எழுவாய் அன்பு. மறுத்தவர்கள் எவரும் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. மழை பெய்யவில்லை என்பதுபோல, யாருடைய குற்றமும் இல்லாமல் அது நடந்து முடிந்துவிடுகிறது. நாவலிலோ ஆட்கள் இருக்கிறார்கள். தங்கையை வீட்டைவிட்டுத் துரத்தியவன் அண்ணன் கணேசன். தடுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தவள் அம்மா. படிக்க வைத்த தாய்மாமன், அந்த உதவிக்கு விலையாக அவள் உடம்பை நாடினார். இவர்கள் செய்ததையெல்லாம் சேர்த்து மூட்டை கட்டி, ‘கங்காவின் தனிமை’ என்று அவள் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம்.

இந்த நாவலுக்கு முன்னால் ஒரு சிறுகதை உண்டு. 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய ‘அக்கினிப் பிரவேசம்’. அதே மழை, அதே கார், அதே கல்லூரிப் பெண். அந்தக் கதையில் தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். நாவலில் அந்த அணைப்பு இல்லை. விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண் கங்கா ஆகிறாள், அதிகாரி ஆகிறாள்.

என் கேள்வி மிக எளியது. தாய் அணைத்துக்கொண்ட அந்தச் சிறுகதைப் பெண் பிற்பாடு என்ன ஆனாள்? கதை சொல்லவில்லை. வகுப்பில் கேட்டால் ஒரே குரலில் பதில் வருகிறது: நல்ல இடத்தில் கல்யாணம் ஆகியிருக்கும். அவளும் ஒரு அதிகாரியாகியிருக்கலாம், தனி வீடு எடுத்துக்கொண்டு இருந்திருக்கலாம் என்று ஒருத்தியும் இதுவரை சொன்னதில்லை. பாசம் கிடைத்தவளுக்குச் சொந்தச் சம்பளம் எதற்கு என்பதுதான் நம் கற்பனையின் எல்லை.

நான் நாற்பதுகளில் இருக்கிறேன். தனியாக வாழ்கிறேன். “பாவம், ஒண்ணும் அமையலையா?” என்று கேட்காத பக்கத்து வீடு இல்லை. என் கதையிலும் அன்பின் குறையைத் தேடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. முதன்முதலாக வேலைக்கு வெளியூர் கிளம்பிய அன்று அம்மா சொன்னாள்: “புடிக்கலேன்னா கெளம்பி வந்துரு. கதவு தொறந்துதான் இருக்கும்.” ஒரு தடவைகூட நான் அப்படித் திரும்பிப் போனதில்லை. போகலாம் என்று தெரிந்திருந்ததால்தான் இத்தனை வருஷம் இங்கே இருக்க முடிந்தது.

கங்காவுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. சம்பளம் இருந்தது, பதவி இருந்தது, படிப்பு இருந்தது. பல வருஷங்கள் கழித்துத் தேடிப்பிடித்த பிரபுவின் நட்பு ஒன்றுதான் அவள் போய் உட்கார முடிந்த இடம். உன் நல்லதுக்காக என்று சொல்லி அவனும் விலகிக்கொள்கிறான். அவள் குடிக்குப் போய்விடுகிறாள். பார்த்தீர்களா, தனியாக வாழ்கிற பெண் கடைசியில் இப்படித்தான் என்று வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வேன்: அவளை வீழ்த்தியது அவள் சுதந்திரம் அல்ல. சாய்ந்துகொள்ள ஒருவரையும் விடாமல் அவளிடமிருந்து பறித்தவர்கள்தான். ஜெயகாந்தன் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கணேசனையும் மாமாவையும் அவ்வளவு துல்லியமாக எழுதியவர், அவர்கள் தந்திருக்க வேண்டிய விலையைக் கடைசியில் கங்காவிடமே வசூலித்துவிட்டார்.

1972-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது. இன்னும் பல காலம் வகுப்பறைகளில் இருக்கும், இருக்கட்டும். ‘கங்காவின் தனிமையை விளக்குக’ என்ற வினாவை மட்டும் நான் இனி கேட்பதாக இல்லை. கணேசன் ஏன் கதவைச் சாத்தினான், அந்த உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேட்கப்போகிறேன்.

அந்த மாணவிக்கும் ஒன்று சொன்னேன். உன் வீட்டில் பாசம் இருக்கிறது என்றால் சந்தோஷம். கல்யாணத்துக்கு முன்னால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: “நாளைக்கு எனக்கு அங்க பிடிக்கலேன்னா திரும்பி வரலாமா?” உடனே பதில் வருகிறதா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனி. அதைப் பார்த்துவிட்டு, மேலே படிப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.