வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும்

நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் இரண்டு விதமான அநியாயங்கள் கண்ணில் படும். ஒன்றில் மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்று இருக்கும், முகம் இருட்டடித்துக் கிடக்கும். மற்றொன்றில் எல்லா முகமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். அத்தைக்கும் சம்பந்திக்கும் ஒரே நிறம். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவதை நாமே காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

காமிராவின் உள்ளே இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். வேட்டியும் சட்டையும் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து குறைத்துவிடும். மாநிற முகம் அதில் அடிபட்டுப் போகும். பின்னால் ஹைதராபாத் வெயிலடிக்கும் ஜன்னலும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சங்கடம் இந்த ஊருக்குப் பழையது. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலிகானின் அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன் தயாள் 1886-ல் செகந்தராபாத்தில் ஸ்டுடியோ திறந்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக உணரும்; பழுப்பும் சிவப்பும் உள்ளதைவிடக் கறுத்தே பதியும். நம் முகங்களுக்கு அதைவிடப் பாதகமான தகடு ஏது? இருந்தும் அவர் எடுத்த பிரபுக்களின் படங்களில் நகையும் தெரிகிறது, நகை அணிந்தவரின் கண்ணும் தெரிகிறது. பகல் வெளிச்சத்தைத் திரைகளால் அடக்கி முகத்தின் பக்கம் திருப்புவது அந்நாளைய ஸ்டுடியோக்களின் வித்தை. முகூர்த்த அவசரத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள் இன்றைய படக்காரர்கள்.

கலர் பிலிம் வந்த பின்னும் நியாயம் கிடைக்கவில்லை. லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் பல்லாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கரும்பழுப்பு நிறங்கள் பிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லேட்காரர்களும் மரச்சாமான்காரர்களும் முறையிட்டது பிலிம் திருந்த ஒரு காரணமாயிற்று என்று கோடாக்கில் பணிபுரிந்தவர்களே பிற்காலத்தில் கூறியுள்ளனர். மனிதர்களைவிட மேஜைக்கு மவுசு!

ஆனால் பழி முழுவதையும் கோடாக்கின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று கேட்பது நாம்தானே? ஊரிலுள்ள பாட்டியை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் நம் குழந்தைகளுக்குப் பாட்டி என்றால் பெரும்பாலும் ஆல்பத்துப் பாட்டிதான். அவருடைய நிறத்தை மாற்றிக் காட்ட நமக்கு என்ன உரிமை?

ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வெளிச்சத்தை முகத்தருகே அளக்க வேண்டும், முகத்தின் நிறத்தில் கை வைக்கக் கூடாது. டிஜிட்டலில் முற்றிலும் வெளுத்துப்போன ஜரிகையை மீட்க வழியில்லை, இருண்ட முகத்தை ஓரளவு மீட்கலாம். அதனால் ஜரிகை கெடாத அளவுக்கு வைத்துக்கொண்டு, முகத்துக்குத் தனியாக வெளிச்சம் சேர்ப்பதே உசிதம். கிழக்கு பார்த்துப் போட்ட மணையை நகர்த்த முடியாதுதான். பக்கவாட்டில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பிடித்தால் ஜன்னல் வெளிச்சம் திரும்பி முகத்தில் விழும். தாத்தாவின் எட்டு முழ வேட்டியே போதும். பிடித்துக்கொள்ள, சும்மா நிற்கும் மச்சினர்கள் இருவர் எந்தக் கல்யாணத்திலும் கிடைப்பார்கள்.