அப்பாச்சியா, பிரசண்டா? நம்ம கணக்கு வேற



போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சாரல். தென்காசியில் படிப்பு வட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலேயே திரும்பினோம், வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கேதான் எங்களில் சின்னவன் செல்போனை நீட்டினான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வீடியோவில் ஒரு பெரிய சரக்கு விமானத்தின் வயிற்றிலிருந்து மணல் நிற ஹெலிகாப்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஆர்மிக்கு அப்பாச்சி வந்துட்டு. நம்ம பிரசண்டை விட இதுதான் பவர்னு சொல்லுதாங்க. நெசமாண்ணே?"

இப்படிக் கேட்கிற தம்பியிடம் உடனே "ஆயுத வியாபாரம், ஏகாதிபத்தியம்" என்று ஆரம்பித்தால் அவன் அடுத்த வாரம் வகுப்புக்கு வர மாட்டான். பொறியியல் படிக்கிறவனுக்கு எந்திரத்தின் மேல் ஆசை இருப்பது தப்பும் இல்லை. அதனால் அவன் கேட்டதற்கே முதலில் பதில் சொன்னேன்.

ஆயுதபலம் என்று பார்த்தால் அப்பாச்சிதான். ஏறக்குறைய பத்து டன் எடையோடு பறக்கும், 30 மி.மீ. பீரங்கி உண்டு, டாங்கை உடைக்கிற ஹெல்ஃபயர் ஏவுகணை பதினாறு வரை தூக்கும். சுழலிக்கு மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கிற ரேடார், மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டே எதிரியைத் தேடும். பிரசண்ட் 5.8 டன்தான். 20 மி.மீ. துப்பாக்கி, 70 மி.மீ. ராக்கெட், வானில் பறப்பதை அடிக்கிற மிஸ்ட்ரல் ஏவுகணை. 2022 அக்டோபரில் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்த்தபோது அதில் டாங்க் எதிர்ப்பு ஏவுகணை கிடையாது.

ஆனால் பிரசண்ட் பிறந்த காரணமே வேறு. 1999 கார்கில் போரில் அந்த உயரத்தில் மெல்லிய காற்றில் நின்று சண்டை போட நம்மிடம் இருந்த தாக்குதல் ஹெலிகாப்டர்களால் முடியவில்லை. ஆள் ஏற்றுகிற மி-17இல் ராக்கெட்டைக் கட்டி அனுப்பினார்கள். அதில் ஒன்றை ஏவுகணை வீழ்த்தியது, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலைக்கென்றே ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்று ஹெச்.ஏ.எல். வேலையைத் தொடங்கியது. 2010 மார்ச்சில் முதல் பறப்பு. பின்னால் சியாச்சினில் இறங்கிக் காட்டியது. பாலைவனத்தில் டாங்க் படையை மறிக்க அப்பாச்சி, பனிமலையில் சண்டை போட பிரசண்ட். லாரியும் ஜீப்பும் போலத்தான், எது பெருசு என்று கேட்பதில் அர்த்தம் கிடையாது.

"அப்பாச்சின்னா என்ன அர்த்தம்ணே?" என்று இன்னொரு தோழர் கேட்டார். அங்கேதான் எனக்குப் பேச்சு சூடு பிடித்தது.

அப்பாச்சி என்பது ஒரு மக்களின் பெயர், தோழர்களே. அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகள். அவர்கள் நிலத்தைப் பிடுங்கி, விரட்டி, முகாமில் அடைத்தது அமெரிக்க ராணுவம். அவர்களின் போராளி ஜெரோனிமோ 1886இல் சரணடைந்தார், 1909இல் போர்க்கைதியாகவே செத்தார். அதே ராணுவம் அவர்கள் பெயரைத் தன் கொலைக்கருவிக்கு வைத்துக்கொண்டது. சினூக் ஹெலிகாப்டரின் பெயரும் அப்படித்தான், பிளாக் ஹாக்கும் அப்படித்தான். ஊரையும் நிலத்தையும் பறித்துவிட்டுப் பெயரை மட்டும் மரியாதையாக வைத்துக்கொள்வது நமக்குத் தெரியாத வித்தையா என்ன?

சரி, வாங்கிய கதைக்கு வருவோம். 2015 செப்டம்பரில் விமானப்படைக்கு 22 அப்பாச்சியும் 15 சினூக்கும் சேர்த்து ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம். 2020 பிப்ரவரியில் டிரம்ப் வந்தபோது தரைப்படைக்கு இன்னும் ஆறு அப்பாச்சி, கடற்படைக்கு 24 ஹெலிகாப்டர், இன்னொரு 300 கோடி டாலர். அந்த ஆறில் முதல் மூன்று வந்திறங்கியது 2025 ஜூலை 22இல். ஓட்டுவதற்கு ஜோத்பூரில் படைப்பிரிவை அமைத்துவிட்டு ஓராண்டுக்கு மேல் ஹெலிகாப்டரே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவன் கடையில் வாங்கினால் அவன் தருகிறபோதுதான் வரும். உள்நாட்டில் செய்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் போர்பந்தரில் ஹெச்.ஏ.எல். செய்த துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், அந்த வகை முழுவதையும் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிரசண்ட் அந்தத் துருவின் வழியில் வந்ததுதான்.

ஆனால் இந்த ஒப்பீட்டை டிவியில் யாரும் பேசாத ஒரு இடத்தில் நாம் பேச வேண்டியிருக்கிறது: செய்கிற கை யாருடையது? அப்பாச்சியின் உடற்பகுதி ஹைதராபாத்தில் டாடாவும் போயிங்கும் சேர்ந்து நடத்துகிற ஆலையில் தயாராகிறது. 'இந்தியாவில் தயாரிப்பு' என்று அதற்கும் கைதட்டல். அது தனியார் ஆலை, இடஒதுக்கீடு கிடையாது. பிரசண்டைச் செய்கிற ஹெச்.ஏ.எல். பொதுத்துறை. அங்கே பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம் சட்டப்படி உண்டு. அதை ஒப்பந்தத் தொழிலாளர் முறையால் எவ்வளவு அரிக்கலாம் என்பது தனிக்கதை. ஆனாலும் உரிமை என்று கேட்க ஒரு வாசல் இருக்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைப் பாருங்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. திருச்சிக்குத் தெற்கே ஒன்று கூட இல்லை. பீடி சுற்றுகிற தாயின் மகள் ஆலங்குளத்தில் ஐ.டி.ஐ. முடித்தால் அந்த வேலைக்கு எங்கே போவாள்?

இப்போது பணம். 2025 மார்ச் 28இல் 156 பிரசண்டுக்கு ஒன்றிய அரசு கையெழுத்துப் போட்டது. விமானப்படைக்கு 66, தரைப்படைக்கு 90. மதிப்பு 62,700 கோடி ரூபாய், வரி தனி. பயிற்சியும் மற்ற சாமான்களும் சேர்ந்த தொகைதான், இருந்தாலும் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கோடி விழுகிறது.

இதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வையுங்கள். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து ஆண்டு, நான்கு கோடிக்கு மேல் மாணவர்கள், மொத்தம் 59,048 கோடி. அதிலும் ஒன்றியத்தின் பங்கு 35,534 கோடிதான், மீதி மாநிலங்களின் தலையில். அதாவது இந்தியா முழுவதும் பத்தாம் வகுப்பு தாண்டிப் படிக்கிற தலித் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஐந்து வருடத்துக்கு ஒதுக்கியது 156 ஹெலிகாப்டரின் விலையை விடக் குறைவு. தலைக்கு வகுத்தால் பதினாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு பிரசண்டை விற்றால் இரண்டே முக்கால் லட்சம் பேருக்குக் கொடுக்கலாம்.

கணக்கைச் சொன்னதும் சின்னவன் செல்போனை அணைத்துவிட்டான். அவனுக்குப் போன வருடத்து ஸ்காலர்ஷிப்பே இன்னும் ஏறவில்லை. பணத்தைக் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று காலேஜில் சொல்லியிருக்கிறார்கள். 2012இலேயே வந்த அரசாணை 92 அவன் பையில் ஜெராக்ஸாக இருக்கிறது. ஆபீஸில் காட்டினால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, மொதல்ல கட்டு" என்கிறார்களாம். அவன் அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறது.

"அப்போ நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1951 அக்டோபரில் சட்ட அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தபோது பாபாசாகேப் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆண்டு வருவாய் 350 கோடி, அதில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, நண்பர்களைச் சம்பாதிக்கத் தெரியாத வெளியுறவுக் கொள்கைதான் இதற்குக் காரணம் என்றார். அவர் ராணுவத்தை வெறுத்தவரும் இல்லை. 1941இல் மகர் ரெஜிமென்ட் அமையப் பாடுபட்டவர். ராணுவத்தின் கதவைத் திறக்கச் சொன்னதும் அவர்தான், அதன் பில்லைக் காட்டச் சொன்னதும் அவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் நம்ம அரசியல் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பு என்றால் யாரிடமிருந்து என்றும் கேட்போம். 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசை நீட்டி மிட்டாய் கேட்டார்கள், 'ஊர்க் கட்டுப்பாடு, இனிமே கொடுக்கக் கூடாது' என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தப் பிள்ளைகளின் எல்லை அந்தக் கடைப் பலகைதான். ஆயுதம் எப்போதும் அந்நியன் மேல்தான் திரும்பும் என்பதும் உண்மை இல்லை. இந்திய அமைதிப்படை ஈழத்துக்குப் போனபோது நம் விமானப்படையின் மி-25 தாக்குதல் ஹெலிகாப்டர்களும் கூடப் போயின. அவை பறந்தது தமிழ் பேசுகிற ஊர்களுக்கு மேலே.

நம்ம பக்கத்துச் சனம் ராணுவ ஹெலிகாப்டரை நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது 2023 டிசம்பர் வெள்ளத்தில். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் போட்டது. அதில் பீரங்கி எதுவும் இல்லை.

2020இல் ஒப்புதல் கொடுத்த அந்த ஸ்காலர்ஷிப் திட்டத்தின் காலம் 2026 மார்ச் வரைதான்.  கட்டணம் ஏறியிருக்கிறது, விடுதிச் செலவு ஏறியிருக்கிறது, இரண்டரை லட்சம் வருமான வரம்பு மட்டும் 2025இலும் அப்படியே நின்றது. தொகையை இரட்டிப்பாக்கு, வரம்பை உயர்த்து, பணம் மாணவர் கணக்கில் ஏறும் வரை கல்லூரி கட்டணம் கேட்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடு. இந்த மூன்றையும் வைத்து ஒரு மனு எழுதியிருக்கிறோம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே இடத்தில் கூடுகிறோம். போன வருடம் ஸ்காலர்ஷிப் வராதவர்கள் விண்ணப்ப எண், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், காலேஜ் பீஸ் ரசீது எடுத்து வாருங்கள். சின்னவன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம்.