யார் மேல் சந்தேகம்?

பழைய பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்துக் கழுத்துப் பக்கம் பார்த்தால் அநேகமாக இரண்டு மூன்று எழுத்துகள் வெட்டியிருக்கும். ஊர்ப் பெயரின் முதலெழுத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பிறகு உடையவர் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பெரிய ஏரியை ஒட்டியிருக்கும் தாமல் கிராமத்துச் செம்பானால் ‘தா’ என்ற எழுத்து முன்னால் நிற்கும். கல்யாணச் சீரின் ஞாபகத்துக்காக வெட்டியது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதி திருட்டுப் பயம். களவு போன செம்பு சந்தையிலோ அடகுக் கடையிலோ அகப்பட்டால், அது தன்னுடையதுதான் என்று மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல அத்தாட்சி வேண்டாமா? துணிக்கும் இதே ஏற்பாடுதான். வெளுக்கப் போகும் வேட்டியின் மூலையில் சேராங்கொட்டைச் சாற்றால் இட்ட புள்ளியும் கோடும் எத்தனை வெளுப்புக்கும் மறையாது. வெளுக்கிறவருக்கு அது கணக்கு. போலீசாருக்கு அதுவே துப்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பக்கத்துக் குடும்பங்களில் திருடிக்கொண்டு போக என்ன இருந்தது என்று கேட்கலாம். நாலு பாத்திரம், இரண்டு புடவை, காதிலே ஒரு தோடு. ஆனால் அந்த நாலு பாத்திரமே அந்த வீட்டின் பாங்கு. மழை பொய்த்தால் அடகுக்குப் போவதும், அறுவடை முடிந்தால் திரும்பி வருவதும் அவைதான். சவரன் அப்போது 15 ரூபாய். அந்தப் பதினைந்து ரூபாயைச் சேர்க்க எத்தனை வருஷம் ஆயிற்று என்பது சேர்த்தவளுக்குத்தான் தெரியும். தறி வீடானால் ஆபத்து இன்னும் அதிகம். பட்டும் சரிகையும் முதலாளி நிறுத்துக் கொடுத்தவை. புடவையாக நெய்து திரும்ப நிறுத்துக் கொடுக்க வேண்டியவை. அது களவு போனால் நெய்கிறவருக்குப் பொருள் நஷ்டம் மட்டுமல்ல. மறுநாள் காலையில் அவர் கடன்காரர். முதலாளி நம்புவாரா என்பது அதற்கும் மேற்பட்ட கவலை.

சுவரோ மண் சுவர். கன்னக்கோல் என்ற ஓர் இரும்பும், அமாவாசை இருட்டும், ஒரு நாழிகை அவகாசமும் இருந்தால் போதும். பூட்டைத் தொட வேண்டியதே இல்லை. ஆகவே பணத்தையும் நகையையும் அடுப்படியில் புதைத்தவர்கள் உண்டு, நெற்குதிருக்குள் போட்டவர்கள் உண்டு. பட்டணத்துப் படித்தவர்கள் மட்டும் இதைப் பார்த்துச் சிரித்தார்கள்; அவர்கள் தங்கள் பணத்தைச் சென்னையிலிருந்த ஆர்பத்நாட் கம்பெனியில் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22-ந் தேதி அந்தக் கம்பெனி கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கானவர்களின் ஆயுள் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. கம்பெனியின் தலைவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குக் கிடைத்தது பதினெட்டு மாதக் கடுங்காவல். குடியிருக்கும் வீட்டில் புகுந்து திருடுகிறவனுக்கோ இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 380-வது பிரிவு ஏழு வருஷம் வரை விதித்திருந்தது. அடுப்படியில் புதைத்த கிழவி அந்த வருஷம் ஒன்றையும் இழக்கவில்லை என்பதையும் சொல்லி வைக்கலாம். அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் தொடங்கிய இந்தியன் பாங்கு.

போன பொருளைத் திரும்பப் பெறுவதற்கு அந்நாளில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பழைய வழி. மதுரைச் சீமையில் மாடு களவு போனால், சொந்தக்காரர் தெரிந்த மனிதர் ஒருவரைப் பிடித்து ‘துப்புக்கூலி’ கொடுப்பார். இன்ன இடத்தில் மாடு கட்டியிருக்கிறது என்று தகவல் வரும். போய் ஓட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். கேஸ் இல்லை, சாட்சி இல்லை. ஊர்க்காவலும் உண்டு. காவல் கூலி வாங்கினவர் காவல் ஊரில் களவு போனால் பதில் சொல்ல வேண்டும். இதில் அக்கிரமங்கள் இருந்தன. 1896-ல் குடியானவர்கள் திரண்டு இந்த முறையை எதிர்க்கவும் செய்தார்கள். ஆனாலும் ஏழைக்குப் பொருள் கையில் வந்து சேர்ந்த வழி அது.

இன்னொன்று போலீஸ் ஸ்டேஷன். நடந்து போய், வாசலில் காத்திருந்து, எழுதிக் கொடுத்தால் முதற்கேள்வி ஒன்றுதான்: “யார் மேல் சந்தேகம்?”

இதற்குச் சரியான பதில் கண்டுபிடிக்க விஞ்ஞானம் முயன்றது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. மறு வருஷமே அது வேலை செய்தது. ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜர் கொலையுண்டு, பெட்டி கொள்ளை போயிருந்தது. அங்கே கிடந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றில் கறை படிந்த விரல் ரேகை இருந்தது. அது பழைய வேலைக்காரன் ஒருவனுடைய ரேகையோடு ஒத்துப்போயிற்று. திருட்டுக்குத் தண்டனை விதித்த கோர்ட்டு, கொலைக்கு இந்த ருசு போதாது என்று அவனை விடுதலை செய்தது. ரேகை எதைச் சொல்கிறதோ அதற்கு மேல் ஓர் அங்குலமும் போகாத தீர்ப்பு அது.

அந்த நிதானம் சர்க்காருக்கு இல்லை. வடக்கே 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். திருடியவனின் ரேகையைத் தேடுவது போய், ஒரு சமூகத்தில் பிறந்த அனைவரின் ரேகையையும் பதிவு செய்யும் முறை வந்தது. இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போவதற்கும் சீட்டுத்தான். “யார் மேல் சந்தேகம்?” என்ற கேள்விக்குச் சர்க்காரே பதில் எழுதி அச்சடித்து விட்டது. 1920 ஏப்ரல் 3-ந் தேதி, மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உள்பட பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்கள் எந்த வீட்டில் எந்தச் செம்பைத் திருடினார்கள்? அப்படி ஒரு குற்றச்சாட்டே அங்கு இல்லை. அந்த மக்களுக்காக வாதாடிய மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து, 1924 ஜூன் 26-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள், பட்டாசு கொளுத்திப் போட்டு மிரட்டினார்கள். உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மகரிஷி. வெளியே வந்தவரின் தொடையில் தடியால் அடித்தார்கள். லாந்தர் கேட்டார்கள், அதுவும் ஏற்றித் தரப்பட்டது. எல்லாவற்றையும் துழாவிய பின் அகப்பட்டது சுமார் பத்து ரூபாய் பெறும் சாமான்களும், தங்கியிருந்த ஒருவரின் ஆறு ரூபாயுந்தான். போலீசார் வந்து விசாரித்தபோது, யாரோ சில திருடர்கள் வந்து ஏமாந்து போய்விட்டார்கள் என்ற அளவில் மகரிஷி நிறுத்திக்கொண்டார். தாம் அடிபட்டதைக்கூடச் சொல்லவில்லை. சில நாட்களில் திருடர்கள் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார்கள். யாருடைய ரேகையையும் பிறப்பை வைத்துப் பதிவு செய்து கண்டுபிடித்ததல்ல, விசாரித்துக் கண்டுபிடித்தது.

மகரிஷியின் பொறுமையைக் காஞ்சிபுரத்துத் தறிகாரரிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவருக்குப் பட்டு வேண்டும், சரிகை வேண்டும். அதைத் தேடிக் கொடுப்பது போலீசாரின் கடமை. சின்னக் களவு என்று தள்ளிவிடுவது கூடாது. அதே சமயம், ஊர்ப் புறத்தில் கூடாரம் அடித்திருப்பவர்களை முதலில் இழுத்து வருவது தேடுவது ஆகாது.

சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-ல் ஒழிந்தது. இடையில் 1948-ல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று இங்கே வந்து சேர்ந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை என்கிறது. செம்பைத் திருடியவன் சிறைக்குப் போகாமலே செம்பு வீடு வந்து சேர வழி ஏற்பட்டிருக்கிறது. ஸ்டேஷன்களும் கோர்ட்டுகளும் இதை மனமார உபயோகிக்க வேண்டும். அதே வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, கைதிகளை ஜாதி பார்த்து நடத்தும் சிறை விதிகள் செல்லாது என்றும், பிறப்பை வைத்து எவரையும் வழக்கமான குற்றவாளி என்று கருதக் கூடாது என்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மூன்று மாதத்துக்குள் விதிப் புத்தகங்களைத் திருத்தும்படி எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. 1871-ல் போட்ட பட்டியலின் நிழல் அந்தப் புத்தகங்களிலிருந்து விலக, உத்தரவு வருவதற்கே 153 வருஷம் ஆகியிருக்கிறது.