சலி வேறு, சளி வேறு

சித்தூரில் மார்கழி மாதத்துக் காலை, மணி ஏழு. வாசல் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. நான்கு வயதுப் பையன் ஒருவன் தெருவில் ஓடத் துடித்துக்கொண்டு நிற்கிறான். பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மப்ளர், தலையில் முகத்தை மட்டும் விட்டுவைத்த குரங்குக் குல்லா. "சலிடா கண்ணா, குல்லாவைக் கழட்டாதே" என்கிறார் அவ்வா. பத்து நிமிடம் ஓடியதும் பையனின் முதுகு நனைந்துவிடுகிறது. குல்லா திண்ணையில் கிடக்கிறது. "இன்னைக்கு ராத்திரியே சளி பிடிக்கப் போகுது பாரு" என்று அவ்வா மருமகளிடம் சொல்கிறார். "ஓடினா வேர்க்குது அத்தை, அவன் என்ன பண்ணுவான்?" என்கிறார் மருமகள்.

இந்தக் காட்சிக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. எல்லையோர ஊர்களின் ஏதாவது ஒரு தெருவில் தினமும் நடப்பதுதான். கவனிக்க வேண்டியது அவ்வாவின் வாயில் வந்த இரண்டு சொற்களை. முதலில் வந்தது தெலுங்குச் 'சலி'. அதற்குக் குளிர் என்று பொருள். அடுத்து வந்தது தமிழ்ச் 'சளி'. மூக்கில் ஒழுகி நெஞ்சில் கட்டிக்கொள்வது. வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911இல் உருவான மாவட்டம் சித்தூர். 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டு திருத்தணி தமிழகத்துக்கு வந்த பிறகும், இங்கே பல வீடுகளில் இரு மொழியும் ஒரே அடுப்படியில்தான் புழங்குகின்றன. லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள தூரம்தான் இரு சொற்களுக்கும் இடையே. ஒன்று வந்தால் மற்றது வந்தே தீரும் என்ற நம்பிக்கை அந்தத் தூரத்தையும் அழித்துவிட்டது.

இந்தக் குழப்பம் இங்கு மட்டுமல்ல. ஆங்கிலத்தில் குளிருக்கும் ஜலதோஷத்துக்கும் 'கோல்ட்' என்ற ஒரே சொல்தான். அந்த ஆங்கிலேயர்களே இரண்டும் ஒன்றா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊருக்கு அருகே 1946இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜலதோஷ ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்கியது. தொண்டர்களை ஈர உடையோடு காற்று வீசும் இடத்தில் நிற்க வைத்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தவர்களைவிட இவர்களுக்கு ஜலதோஷம் அதிகம் வந்ததாகத் தெரியவில்லை. ஜலதோஷத்தைத் தருபவை வைரஸ்கள். அவற்றில் முக்கியமானது ரைனோவைரஸ். அது ஒரு குழந்தையின் மூக்கிலிருந்து இன்னொரு குழந்தையின் மூக்குக்கு, பெரும்பாலும் கை வழியாகவும் மிக நெருங்கி விடும் மூச்சு வழியாகவும் போகிறது.

அவ்வாவின் கட்சி முற்றிலும் தோற்றுப்போனது என்றும் சொல்ல முடியாது. 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேர் இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் நூற்றுக்கு 29 பேர் ஜலதோஷ அறிகுறிகளைச் சொன்னார்கள். மற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களின் மூக்கில் வைரஸ் இருந்ததா என்று அந்தச் சோதனையில் பார்க்கவில்லை. 2015இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் சுவாசப் பாதைச் செல்களில் உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்த 33 டிகிரியில் ரைனோவைரஸ் நன்றாகப் பெருகுவதைக் கண்டார்கள். ஆக, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரசுக்குக் குளிர் கைகொடுக்கலாம். வைரஸே இல்லாத இடத்தில் குளிர் சளியை உண்டாக்காது. தெருவில் ஓடும் பையனைவிட, ஜன்னலைச் சாத்திய அறையில் இருமும் அண்ணனோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கே சளி பிடிக்க வாய்ப்பு அதிகம்.

பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915 முதல் இயங்கிய காசநோய் மருத்துவமனை அது. மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் ஓய்வும் நல்ல உணவும் திறந்த காற்றும்தான் சிகிச்சை. காற்று காசநோயைக் குணப்படுத்திவிடவில்லை. அதற்குப் பின்னாளில் வந்த மருந்துகள் தேவைப்பட்டன. ஆனால் நெஞ்சு நோயாளிகளையே மேட்டு நிலத்துக் காற்றில் படுக்க வைத்த பூமியில், ஆரோக்கியமான குழந்தையை டிசம்பர் மாதக் காற்றுக்குப் பயந்து வீட்டில் பூட்டி வைப்பது வேடிக்கைதான். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பனிக்காலத்துக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

அப்படியானால் என்ன உடுத்துவது? இங்குள்ள பிரச்னை கடுங்குளிர் அல்ல, ஏற்ற இறக்கம். விடியலில் 16 டிகிரி வரை இறங்கும் வெப்பம் நண்பகலில் 28, 29ஐத் தொட்டுவிடும். காலையில் போட்ட தடித்த ஸ்வெட்டர் பத்து மணிக்குத் தண்டனையாகிவிடுகிறது. தடித்த ஒரு உடுப்பைவிட மெல்லிய இரண்டு உடுப்புகள் நல்லது. துணி தானாகச் சூடு தருவதில்லை. அடுக்குகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அடுக்குகளை வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். உள்ளே பருத்தி, மேலே ஸ்வெட்டர் என்பது வழக்கமான முறை. ஆனால் வியர்வையில் நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். ஆட்டம் முடிந்து உட்காரும்போதுதான் குழந்தைக்கு நடுக்கம் வரும். எனவே ஓடத் தொடங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஓடி முடித்ததும் நனைந்த பனியனை மாற்றிவிட்டு ஸ்வெட்டரைப் போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு.

போட்டது போதுமா, அதிகமா என்பதைக் கையைத் தொட்டுத் தீர்மானிக்கக்கூடாது. சின்னக் குழந்தைகளின் கையும் காலும் சற்றுச் சில்லென்று இருப்பது சகஜம். பிடரியையும் வயிற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறைக்கலாம். கைக்குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வயிறும் சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துப் போர்த்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உண்மையான குளிர் ஆபத்து விளையாட்டில் இல்லை. அது யாரும் சந்தேகப்படாத இடங்களில் ஒளிந்திருக்கிறது. முதல் இடம் இரு சக்கர வாகனம். ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நிற்கும் குழந்தைதான் அப்பாவுக்குக் காற்றுத் தடுப்பு. அசையாமல் நிற்பதால் அதன் உடம்பில் சூடு ஊறுவதும் குறைவு. ஸ்வெட்டரின் கண்ணிகளில் காற்று புகுந்துவிடும். அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கி ஒன்று இருந்தால்தான் பயன்.

இரண்டாவது இடம் திருமலை. திருப்பதி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; திருமலை சுமார் 850 மீட்டர். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, மேலே நான்கு டிகிரி குளிர் அதிகம். அலிபிரியில் 3,550 படிகள் ஏறி வியர்த்த உடம்போடு வந்து சேர்கிறது குடும்பம். விடியும் முன்பே கல்யாணகட்டாவில் குழந்தைக்கு முதல் முடி இறக்குகிறார்கள். தலையில் தண்ணீர், குளியல், பிறகு மொட்டைத் தலை நிறையச் சந்தனம். சித்திரை வெயிலில் சந்தனம் சுகம். மார்கழி விடியலில் அது, ஈரம் காயும் வரை தலையின் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும்.

கைக்குழந்தையின் தலை என்பது சாதாரண விஷயமல்ல. பெரியவர்களுக்கு உடல் பரப்பில் தலையின் பங்கு நூற்றுக்கு 9. கைக்குழந்தைக்கு அதைப்போல இரு மடங்கு. பெரியவர்களின் உடல் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்லப்படுவது மிகை. ஆனால் ஈரத்தலையோடு இருக்கும் பத்து மாதக் குழந்தைக்குக் குல்லா அவசியம். வருடமெல்லாம் குல்லா போடும் குடும்பங்கள், அது உண்மையிலேயே தேவைப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் அதை மறந்துவிடுகின்றன. வெந்நீர், உலர்ந்த துண்டு, குளித்தவுடன் துடைத்து ஒரு பருத்திக் குல்லா, நெற்றியில் மட்டும் சந்தனம். வேண்டுதலுக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

மூன்றாவது இடம் போகி. சங்கராந்திக்கு முதல் நாள் விடியலில் தெருவில் நெருப்பு மூட்டுவதும், மாலையில் குழந்தைகளின் தலையில் இலந்தைப் பழம் கொட்டுவதும் ஆந்திரத்து வழக்கம். விடியல் குளிருக்காகப் போட்ட செயற்கை இழை ஸ்வெட்டரோடு பிள்ளைகள் நெருப்பை நெருங்கி நிற்கிறார்கள். அந்த இழை தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தொங்கும் மப்ளருக்கும் இதே எச்சரிக்கைதான். சறுக்குமரத்தில் மப்ளரோ குல்லாய்க் கயிறோ சிக்கினால் கழுத்து இறுகிவிடும். அமெரிக்காவில் குழந்தைகளின் மேலுடைகளில் கழுத்துக் கயிறு வேண்டாம் என்று 1996இல் வழிகாட்டு நெறியே வெளியிட்டார்கள்.

நான்காவது இடம் படுக்கையறை. ஜன்னல்களைச் சாத்தி, கரிக் கணப்பை உள்ளே வைத்துத் தூங்குவது உயிருக்கே உலை வைக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கும் கைக்குழந்தைக்கு வீட்டுக்குள் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் சொன்னது. குழந்தையின் உடம்பு அளவுக்கு மேல் சூடாவதும் ஆபத்து என்பதே காரணம்.

சளி பிடித்துவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். பார்க்க வேண்டியது மூக்கை அல்ல, மூச்சை. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கக்கூடும். குல்லாவும் கஷாயமும் அதற்குப் போதாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சித்தூர்த் தெருவில் வெயில் ஏறிவிட்டது. ஸ்வெட்டரும் திண்ணைக்கு வந்து குல்லாவுக்குத் துணையாகிவிட்டது. பையன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். அவ்வா அவனைக் கூப்பிட்டு முதுகைத் தொட்டுப் பார்க்கிறார். "நனைஞ்சு போச்சு, வேற பனியன் எடுத்துட்டு வாம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார். குளிரைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி அவ்வாவின் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நாக்குதான் ஒரு எழுத்தில் தடுமாறுகிறது.